நீறு பூசிய நெற்றியோடு தலதா மாளிகையில்

வன்னி மக்கள் ஏ-9 நெடுஞ்சாலையைக் கண்டி வீதி என்று அழைப்பது வழக்கம். விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து தெற்கே திரும்பினால், கிளிநொச்சி, மாங்குளம், வவுனியா, தம்புள்ளை, மாத்தளை எனக் கடந்து அவ்வீதி கண்டி மாநகரிலே சென்று முடிகின்றது. யுத்த காலத்தில் பல ஆண்டுகள் மூடிக்கிடந்து, 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009 இற்குப் பின்னரே நிலையாகத் திறந்த வீதி அது. இன்று கதிர்காம யாத்திரை செல்லும் அடியார்களும் கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்களும் அவ்வழியே சென்று, மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசித்துக் கண்டியில் இறங்குகின்றனர். அவ்வாறு இறங்குபவர்களிற் பலர் வாவிக்கரையில் நிற்கும் ஸ்ரீ தலதா மாளிகையையும் பார்த்துவிட்டே பயணத்தைத் தொடர்கின்றனர்.

அங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. காலையில் நீராடி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கதிர்காமக் கந்தனை நினைந்து புறப்பட்ட ஒரு சைவர், புத்தபெருமானின் புனித தந்தம் வைக்கப்பட்ட அந்த மாளிகையினுள்ளே சென்று கைகூப்பலாமா? கைகூப்பினால் அது சிவ வழிபாட்டுக்குக் குறையாகுமா? கூப்பாமல் நின்றால் அது இன்னொருவர் வணங்கும் இடத்தை அவமதித்ததாகுமா? இக்கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மாளிகை வாசலிலே சோதனைக்காக வரிசையில் நிற்கும்போது, சேலைத் தலைப்பாலோ கைக்குட்டையாலோ நெற்றித் திருநீற்றை மெல்லத் துடைத்துக்கொள்ளும் நம்மவர் சிலரைக் கண்டால் அது சிறிய கேள்வியல்ல என்பது விளங்கும். துடைக்கச் சொல்லி அங்கே எவரும் கேட்பதில்லை. கேட்காமலே கை தானாக நெற்றிக்குச் செல்கின்றது. அந்தக் கையை எழுப்புவது பக்தியா, மரியாதையா, அச்சமா என்பதே சிந்திக்கவேண்டிய விடயமாகும்.

மாளிகையில் நடைபெறும் வழிபாடு

ஓர் இடத்தில் வணங்கலாமா என்று ஆராய்வதற்கு முன்னர், அங்கே என்ன நடைபெறுகின்றது என்பதை அறிதல் நன்று. புத்தரின் தந்தம் கி.பி. நான்காம் நூற்றாண்டில் கலிங்க நாட்டிலிருந்து ஹேமமாலா என்னும் இளவரசியாலும் அவள் கணவனாலும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது என்பது பௌத்தர்களின் மரபு. அதனைக் காப்பவனே நாட்டை ஆளும் உரிமையுடையவன் என்ற நம்பிக்கை வளர்ந்தமையால், தலைநகர் மாறுந்தோறும் தந்தமும் மாறிச் சென்றது. அநுராதபுரம், பொலன்னறுவை முதலிய இடங்களைக் கடந்து இறுதியிற் கண்டியை அடைந்தது. கண்டி நகரம் 1988 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

மாளிகையில் நாள்தோறும் காலை, முற்பகல், மாலை என மூன்று வேளை பூசை நடைபெறுகின்றது. பூசை வேளையிற் கீழ்த்தளத்திலே மேளம் முழங்கும். மேல்தளத்தில் அடியார்கள் தாமரையும் அல்லியும் ஏந்தி வரிசையாகச் சென்று, பொற்பேழையைத் தூரத்தே நின்று தரிசிப்பர். தந்தத்தை நேரிற் காண்பது அரிது. அது ஒன்றனுள் ஒன்றாக அமைந்த பேழைகளுக்குள்ளே இருக்கின்றது. புதன்கிழமைகளில் வாசனை நீரால் அபிடேகம் போன்றதொரு சடங்கு நடைபெற்று, அந்நீர் அடியார்களுக்கு வழங்கப்படும். மாளிகையின் பொறுப்பு மல்வத்தை, அஸ்கிரிய பீடங்களின் மகாநாயக்கர் இருவரிடமும் ‘தியவடன நிலமே’ என்னும் இல்லறத்தாரிடமும் உள்ளது. 1931 ஆம் ஆண்டின் பௌத்த ஆலயச் சொத்துக்கள் தொடர்பான கட்டளைச் சட்டத்தின்படி அந்த நிலமே தெரிவு செய்யப்படுகின்றார். மூன்று வேளைப் பூசை, மேளம், மலர், அபிடேக நீர், குருமாருடன் இணைந்து பொறுப்பு வகிக்கும் ஓர் இல்லறத்தார் என இவை யாவும் சைவர்களுக்குப் பழக்கமானவையே. சிவாலயத்தில் வளர்ந்த ஒருவருக்கு அங்கே கால்கள் தடுமாறுவதில்லை.

ஆனால் புறத்தே ஒத்திருப்பதெல்லாம் அகத்தேயும் ஒன்றாகிவிடாது. சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் மூன்றையும் அநாதி என்கின்றது. பௌத்தம் படைத்துக் காத்து அழிக்கும் ஓர் இறைவனை ஏற்பதில்லை. நிலையான ஆன்மாவையும் ஏற்பதில்லை. புத்தர் வரந்தரும் தெய்வமாகத் தம்மை என்றும் கூறியவரல்லர். பௌத்தர் மலரிட்டு வணங்கும்போது, இம்மலர் வாடுவதுபோல் இவ்வுடலும் வாடும் என்பதையே நினைக்கும்படி அவர்களது சமயம் போதிக்கின்றது. வரம் வேண்டுமாயின் அவர்களும் மாளிகைக்கு அண்மையிலுள்ள நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கே செல்கின்றனர். இவ்வேறுபாட்டை மறைத்து, எல்லாம் ஒன்றுதானே என்று சொல்லிவிடுவது சைவத்துக்கும் நியாயமன்று, பௌத்தத்துக்கும் நியாயமன்று.

அடியார்கள் காட்டிய வழி

சைவ நாயன்மார் பௌத்தரை எதிர்த்தவர்களாயிற்றே, அவ்வாறிருக்க ஒரு சைவர் பௌத்த ஆலயத்துக்குச் செல்வது எவ்வாறு பொருந்தும் என்று கேட்பவர் உளர். அக்கேள்வியிலும் உண்மையுண்டு. திருஞானசம்பந்தர் தமது பதிகங்களில் பத்தாம் பாடலைச் சமண பௌத்தக் கொள்கைகளை மறுப்பதற்கே ஒதுக்கினார். திருக்கேதீச்சரத்தின்மீது பாடிய பதிகத்திலும் அதனைக் காணலாம். போதிமங்கையிற் பௌத்தரோடு நிகழ்ந்த வாதத்தைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. தில்லையில் ஈழத்துப் பௌத்தரை மணிவாசகர் வாதில் வென்ற வரலாறும் சைவப் பிள்ளைகள் சிறுவயதிற் கேட்டு வளர்ந்ததேயாகும்.

எனினும் அறுபத்துமூவருள் சாக்கிய நாயனாரும் ஒருவர் என்பதை மறத்தலாகாது. திருச்சங்கமங்கையில் வேளாளர் குலத்தில் தோன்றிய அவர், பிறவித் துன்பம் நீங்கும் வழி தேடிக் காஞ்சி நகரம் சென்று பௌத்தத்தைத் தழுவினார். பின்னர் சிவமே மெய்ப்பொருள் என உணர்ந்தார். ஆயினும் அணிந்திருந்த பௌத்த உடையை அவர் களையவில்லை. நாள்தோறும் சிவலிங்கத்தைக் கண்டு, மலருக்குப் பதிலாக அன்போடு ஒரு கல்லை எடுத்தெறிந்து, அதனையே வழிபாடாகக் கொண்டார். ஒருநாள் உணவுக்கு அமர்ந்தபின் கல்லெறிய மறந்தமை நினைவுக்கு வர, பசியையும் பொருட்படுத்தாது எழுந்தோடிச் சென்றார். இறைவன் அவருக்குக் காட்சி கொடுத்தருளினார். மார்கழிப் பூராடத்தில் இன்றும் சிவாலயங்களில் அவருக்குக் குருபூசை நடைபெறுகின்றது.

கல் என்பது பிறரை நோகச் செய்யும் பொருள். அதனை மலராக ஏற்ற இறைவன், உடையைப் பார்த்தாரா, கையிலிருந்த பொருளைப் பார்த்தாரா, மனத்தைப் பார்த்தாரா? சாக்கியரின் வரலாறு சொல்லும் விடை தெளிவானது. மறுபுறத்தில், மனத்தில் ஒன்றுமில்லாமல் மலரைத் தூவுபவனின் மலர் கல்லாகிப் போவதும் உண்டு என்பதை அவ்வரலாறு சொல்லாமற் சொல்கின்றது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரும் இங்கு நோக்கத்தக்கது. அந்நூலின் பரபக்கம் பௌத்தத்தின் நான்கு பிரிவினரையும் தனித்தனியே எடுத்து மறுக்கின்றது. மறுப்பதற்கு முன் அவர்களது கொள்கையை அவர்களே சொல்வதுபோல முதலில் எடுத்துரைக்கின்றது. பிறர் சொல்வதைச் சரியாகக் கேட்டறிந்த பின்னரே மறுக்க வேண்டும் என்னும் நாகரிகம் அது. அந்நூலின் சுபக்கமோ, ஒருவர் எந்தத் தெய்வத்தை மனங்கொண்டு வழிபடினும் அவ்வழிபாட்டை அறிந்து ஏற்றுப் பயன் தருபவன் உமையொருபாகனே என்ற கருத்தை நிலைநாட்டுகின்றது. கொள்கையிற் சிறிதும் விட்டுக்கொடாத அதே ஆசிரியர், வழிபடுவோரின் அன்பைச் சிறிதும் தள்ளிவிடவில்லை. வாதத்தில் உறுதியும் வணக்கத்தில் விரிவும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

வரலாறு சொல்லும் சான்றுகள்

தலதா மாளிகைக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. முதலாம் விஜயபாகு மன்னன் 1055 முதல் 1110 வரை ஆட்சி செய்து, சோழரிடமிருந்து நாட்டை மீட்டுப் பொலன்னறுவையிலே தந்தக் கோயில் அமைத்தவன். அவனுக்குப் பின் அக்கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் என்னும் தமிழ்ப் படையினர் ஏற்றனர். அதனை அறிவிக்கும் கல்வெட்டுப் பொலன்னறுவையில் இன்றும் உள்ளது. அது தமிழ்மொழியில் அமைந்தது. அக்கோயிலுக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரர் தளதாய்ப் பெரும்பள்ளி’ எனத் தமது பெயரையே அவர்கள் சூட்டினர். தாம் பேசும் மொழி மாறாமலே அவர்கள் அந்தக் காவலை ஏற்றனர்.

தமிழகத்தில் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய காலத்திலேயே, நாகபட்டினத்தில் ஸ்ரீவிசய அரசர் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருமானத்தை வழங்கினான். கி.பி. 1006 அளவிலான அக்கொடையை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. சிவபாதசேகரன் எனப் பெயர் கொண்ட மன்னன் விகாரைக்கு ஊர் கொடுத்ததால் அவனது சைவம் குறைந்துவிடவில்லை. அதே மன்னனின் படையெடுப்பினால் அநுராதபுரம் அழிவுற்றதும் வரலாறே. ஒரு கையால் விகாரைக்குக் கொடுப்பதும் மறுகையால் இன்னொரு விகாரை நகரை அழிப்பதும் ஒரே ஆட்சியில் நிகழ்ந்திருக்கின்றன. அரசர்களின் செயலில் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டி மற்றதை மறைப்பது முறையாகாது.

இவை எல்லாவற்றையும்விடத் திருநீற்றோடு நெருங்கிய சான்று கண்டியிலேயே உண்டு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைப் பக்கமிருந்து வந்த நாயக்கர் வமிசத்தவர்கள். அவர்களுள் 1747 முதல் 1782 வரை ஆட்சிபுரிந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், இலங்கையிற் பௌத்தம் மீண்டும் தழைக்கக் காரணமானவன். பிக்குமாருக்குரிய உபசம்பதா என்னும் உயர் தீட்சை நாட்டில் அற்றுப்போயிருந்த வேளையில், வெலிவிட்ட சரணங்கர தேரரின் முயற்சிக்கு உறுதுணையாக நின்று, 1753 இல் சீயம் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து அதனை மீள நிலைநாட்டினான். நான்கு தேவாலயங்களுக்குரிய விழாவாக நடந்த எசல பெரஹராவில் புனித தந்தம் முதலிடம் பெற்று ஊர்வலம் செல்லத் தொடங்கியதும் அவன் காலத்திலேயாகும்.

இத்தனையும் செய்த அம்மன்னனுக்கு எதிராக 1760 ஆம் ஆண்டு ஒரு சதி எழுந்தது. அவன் தன் சமய வழக்கத்தை விடாமல் நெற்றியிலே திருநீறு பூசுகின்றான் என்பதும் அவன்மீது சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்றென வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றனர். சதி வெளிப்பட்டு அதில் ஈடுபட்ட அதிகாரிகள் தண்டிக்கப்பட்டனர். சதியிற் சம்பந்தப்பட்டவர் எனக் கருதப்பட்ட சரணங்கர தேரரோ பின்னர் மன்னிக்கப்பட்டார். மன்னன் பௌத்தத்துக்குச் செய்துவந்த பணிகளும் நின்றுவிடவில்லை.

இம்மன்னன் வாழ்விலிருந்து கற்கவேண்டியது பெரிது. பௌத்தத்தைக் காப்பதற்கு அவன் நெற்றியைத் துடைக்கவேண்டும் என எண்ணவில்லை. நெற்றியிலே நீறு இருப்பதால் மாளிகையைப் புறக்கணிக்கவேண்டும் எனவும் எண்ணவில்லை. அவனிடம் இருந்ததை மறைக்காமலே, அவனுடையதல்லாத ஒன்றைப் போற்றினான். மாளிகையின் முகப்பில் இன்று யாவரும் படம் எடுத்துக்கொள்ளும் எண்கோண மண்டபத்தையும், அதன் முன்னே விரியும் வாவியையும் அமைத்தவன் அதே வமிசத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். 1815 இல் முடியிழந்த அவன் வேலூர்க் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டு 1832 இல் காலமானான்.

மாளிகைக்கு எதிரே உள்ள பத்தினி தேவாலயமும் வன்னி மக்களுக்கு அந்நியமானதன்று. கண்டியிலே பத்தினி தெய்யோ எனப்படும் அவளே முல்லைத்தீவு மாவட்டத்தில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரித்து வன்னி மக்கள் தொழும் அதே தாய், பெரஹராவிலே சிங்கள மக்களின் நடுவே யானைமீது செல்கின்றாள். விசுவமடுவிலிருந்து வற்றாப்பளைக்கு நேர்த்தி வைத்து நடந்து போகும் அடியார், கண்டியில் அவள் வாசலில் நின்று யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

மறக்கமுடியாத காயங்கள்

வரலாற்றின் இனிய பக்கங்களை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். 1998 ஜனவரி 25 அன்று வெடிமருந்து ஏற்றிய வாகனத்தால் தலதா மாளிகை தாக்கப்பட்டது. மாளிகையின் முகப்புச் சிதைந்தது. பொதுமக்களும் உயிரிழந்தனர். அதனைக் காரணமாகக் கொண்டு விடுதலைப் புலிகள் இயக்கம் அரசினால் உடனடியாகத் தடைசெய்யப்பட்டது. இன்று வாசலில் நடைபெறும் சோதனைக்கு அந்நாளின் நினைவும் ஒரு காரணமாகும். அதுபோலவே, 1990 இல் குண்டுவீச்சினாற் சிதைந்த கீரிமலை நகுலேஸ்வரத்தையும், 2009 இன் தொடக்கத்தில் வன்னி மக்கள் பூட்டிக்கொண்டு வெளியேறவும் அவகாசமின்றி விட்டுச்சென்ற கோயில்களையும் எவரும் மறந்துவிடவில்லை. வழிபாட்டிடத்தின்மீது விழும் அடி எப்பக்கத்தார் விழுத்தினாலும் பாவமே. எதிர்ப்பக்கத்தார் செய்ததைச் சொல்லித் தன் பக்கத்தார் செய்ததை நியாயப்படுத்துவது சைவநீதியாகாது.

யுத்தம் முடிந்த பின்னரும் வன்னியில் வேறொரு வகையான வேதனை தொடர்ந்தது. செம்மலை நீராவியடிப் பிள்ளையார் கோயிற் சூழலில், நீதிமன்றக் கட்டளையையும் மீறி, 2019 செப்டெம்பரில் ஒரு பிக்குவின் பூதவுடல் தகனஞ் செய்யப்பட்டது. குருந்தூர் மலையில் 2021 ஜனவரியில் தொல்லியல் அகழ்வு தொடங்கியது முதல் வழிபாட்டுரிமை பற்றிய பிணக்கு வளர்ந்தது. 2023 ஜூலையில் அங்கே பொங்கவந்த மக்கள் தடுக்கப்பட்டு, அடுத்த மாதத்தில் நீதிமன்ற அனுமதியுடன் பொங்கல் நடைபெற்றது. அம்மலையிற் பழைய பௌத்த எச்சங்கள் இருப்பதை மறுப்பதற்கில்லை. தமிழரிலும் பௌத்தர் இருந்தனர். மணிமேகலை தமிழிலே தோன்றிய பௌத்த காப்பியமே. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு விகாரை இருந்தது என்பது, இன்று அங்கே பொங்கிப் படைக்கும் முதியவளின் அடுப்பை அணைப்பதற்குக் காரணமாகிவிடாது.

இந்த வேதனையைச் சுமந்துகொண்டு செல்லும் ஒருவரைத்தான் தலதா மாளிகை வாசலில் நிறுத்தி, வணங்கு என்று சொல்கின்றோமா என ஒருவர் கேட்கலாம். கேட்பதில் நியாயமுண்டு. அதற்குரிய விடை, நாடிச் செல்லும் ஆலயத்துக்கும் நாடாமல் வந்து நிற்கும் ஆலயத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கின்றது. ஒருவர் தாமாக விரும்பி இன்னொருவரின் ஆலயத்துக்குச் செல்லும்போது அவர் விருந்தினர். விருந்தினருக்கு முற்றத்து மரியாதை உண்டு. அவரும் அவ்வீட்டாரின் முறையை மதிப்பார். அழையாமல் வந்து, காணியையும் பிடித்து, வீட்டுக்காரனையே வெளியே நிற்கச் சொல்பவர் விருந்தினரல்லர். அவர் கையிலிருப்பது புத்தர் சிலையாயினும் வேறெந்தத் தெய்வத்தின் சிலையாயினும் அது மாறாது. அதனைச் சட்டத்தின் வழியில், நீதிமன்றத்தின் வழியில், அச்சமின்றி மறுப்பது குடிமக்களின் கடமை. ஆனால் அந்த மறுப்பு, கண்டியில் தாமரைப் பூவோடு வரிசையில் நிற்கும் ஒரு கிராமத்துச் சிங்களத் தாயின்மீது வெறுப்பாக மாறவேண்டியதில்லை. அவள் எவரின் காணியையும் பிடித்தவளல்லள். புத்தபெருமானும் பிறர் காணியைத் தரும்படி எவரிடமும் கேட்டவரல்லர்.

வணக்கம், வேண்டுதல், சரணம்

அப்படியாயின் மாளிகைக்குள் செல்லும் சைவர் என்ன செய்யலாம்? மூன்று செயல்களைப் பிரித்தறிந்தால் வழி தெளிவாகும்.

முதலாவது வணக்கம். கைகூப்புதல் என்பது தெய்வத்துக்கு மட்டும் உரியதன்று. தாய் தந்தையரையும், ஆசிரியரையும், வீட்டுக்கு வந்த பெரியோரையும் தமிழர் கைகூப்பியே வணங்குவர். அரச வாழ்வைத் துறந்து, கொல்லாமையையும் கருணையையும் உலகுக்குப் போதித்த ஒரு மகானின் நினைவிடத்தில் கைகூப்புவது எந்தச் சைவருக்கும் குறையாகாது. இரண்டாவது வேண்டுதல். பௌத்த சமயமே புத்தரிடம் வரம் கேட்கும்படி சொல்லாதபோது, சைவர் சென்று அங்கே வரம் கேட்பது இரண்டு சமயத்துக்கும் பொருந்தாது. வேண்டுவார்க்கு வேண்டுவதை ஈவதற்குச் சிவபெருமான் இருக்கின்றான். மூன்றாவது சரணம். புத்தம், தர்மம், சங்கம் என்னும் மூன்றையும் சரணடைவதாகக் கூறுவது ஒருவர் தம்மைப் பௌத்தராக ஏற்றுக்கொள்ளும் உறுதிமொழி. மனத்தில் அவ்வுறுதி இல்லாதவர் அதனை ஒப்புக்குச் சொல்வது பொய்ச்சத்தியம் செய்வதற்கு ஒப்பாகும். பிக்கு ஒருவர் பிரித் நூல் கட்டிவிட்டால் அதனை ஒரு பெரியவரின் ஆசியாக ஏற்பதிற் பிழையில்லை. பிரித் ஓதும்போது அமைதியாக நிற்பதும் பண்பாகும். வணங்கலாம், வேண்டவேண்டியதில்லை, சரணம் சொல்லலாகாது என்பதே இதன் சுருக்கம்.

இந்த ஒழுங்கு அறிவுக்குப் பொருந்துவதாகவே உள்ளது. ஆனால் இதற்கு அடங்காத ஒருவர் உண்டு. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவ்வாறு பிள்ளையைத் தேடும் ஒரு தாய், கதிர்காமத்துக்குப் போகும் வழியில் மாளிகைக்குள் நுழைந்து, பக்கத்தில் நிற்பவளைப் பார்த்து, தானும் ஒரு தாமரைப் பூவை வாங்கிவைத்து, என்ரை பிள்ளையைக் காட்டித் தா என்று அழுதால், அவளிடம் சென்று, அம்மா, இவரிடம் வரம் கேட்பது சித்தாந்தத்துக்குப் பொருந்தாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அவள் தனியாகவும் இல்லை. தெற்கிலே 1980களின் இறுதியிற் பல்லாயிரம் சிங்கள இளைஞர் காணாமற்போயினர். அவர்களது தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு, 1992 ஜூன் 23 அன்று கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலுக்குச் சென்று தேங்காய் உடைத்துக் கதறினர். பௌத்தத் தாய்மார் அவர்கள். கோயிலோ சைவத் தமிழர் தொழும் கோயில். பௌத்தத்தில் இதற்கு இடமுண்டா என்று அவர்கள் எவரிடமும் கேட்டுக்கொண்டு போகவில்லை. காளியும் நீ யார் எனக் கேட்டிருக்கமாட்டாள்.

பிள்ளையை இழந்த தாயின் அழுகை சாக்கிய நாயனாரின் கல்லைப் போன்றது. அது எங்கே எறியப்பட்டாலும் சேரவேண்டிய இடத்தில் மலராகவே சென்று விழும். வழிபாட்டுக்கு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கை அறிந்தோர் பிறருக்குச் சொல்லியும் வைக்கவேண்டும். ஆனால் ஒழுங்கு என்பது தன் மனத்தைச் சோதிப்பதற்குரியது. துயரப்படுபவரின் கையைத் தட்டிவிடுவதற்குரியதன்று. சித்தியார் கூறியவாறு, வழிபாட்டை ஏற்பவன் யாரென்று அறிந்தவர் அங்கே கவலைப்படவேண்டியதில்லை.

முடிவாக

மாளிகை வாசலிலே நெற்றிக்குச் செல்லும் அந்தக் கையினிடத்துக்கே மீண்டும் வருதல் வேண்டும். திருநீற்றைத் துடைத்துவிட்டு உள்ளே சென்று கைகூப்புபவர், தமது தெய்வத்தை வாசலில் விட்டுவிட்டு இன்னொருவரின் ஆலயத்தை அச்சத்தோடு வணங்குகின்றார். அச்சத்தால் வந்த வணக்கத்தைச் சிவபெருமானும் விரும்பமாட்டார், புத்தபெருமானும் விரும்பமாட்டார். நீற்றை இன்னும் தடிப்பாகப் பூசிக்கொண்டு, பார் என்று காட்டுவதற்காகச் செல்பவரும் வணங்கச் சென்றவரல்லர். காலையிற் பூசியபடி இருந்த நெற்றியோடு, செருப்பைக் கழற்றி, வரிசையில் நின்று, சோதிப்பவரின் முகத்தை நேரே பார்த்து, உள்ளே சென்று அமைதியாகக் கைகூப்பி வருபவரே சைவத்தையும் காத்தவர், பௌத்தத்தையும் மதித்தவர்.

அதே அளவுகோல் மறுபக்கத்துக்கும் உரியது. தெற்கிலிருந்து வந்து நல்லூரிலும் முன்னேசுவரத்திலும் வற்றாப்பளையிலும் கைகூப்பும் சிங்கள அடியார்களை எந்தச் சைவரும் தடுத்ததில்லை, தடுக்கவும் கூடாது. அவர்களும் தாம் பௌத்தர் என்பதை மறைக்காமல், விருந்தினராக வந்து, விருந்தினராகவே திரும்பினால், கண்டி வீதி இரு முனைகளிலும் கோயில் வாசலிலேயே சென்று சேரும். இளைய தலைமுறையினரை யாத்திரை அழைத்துச் செல்லும் பெற்றோர், கண்டியில் வாகனத்தை நிறுத்தும்போது பிள்ளைகளுக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தாற் போதுமானது: உள்ளே போகலாம், கும்பிடலாம், நெற்றியைத் துடைக்கவேண்டாம்.

அச்சமும் பகையும் நீங்கி, அவரவர் ஆலயம் அவரவர்க்கு உரியதாய் விளங்கவும், காத்திருக்கும் தாய்மாரின் கண்ணீருக்கு விடை கிடைக்கவும் எல்லாம் வல்ல சிவபரம்பொருள் திருவருள் பாலிப்பாராக.